உண்பவர் நேரில் வரவும்

இம்பீரியல் ரீஜென்ட் ஓட்டலில் பார்சல் வாங்கி வந்தவர் என்று இராஜபாளையத்தில் யாரும் கிடையாது. வாங்கப் போனவர்கள் உண்டு. அவர்களில் ஒருவன் வேலுசாமி. மில்லில் என்னோடு ஒரே ஷிப்டு, நூல் நூற்கிற ரிங் பிரேம் பகுதி. அவன் சொன்னதையும் அவன் மனைவி மாரியாத்தாள் அதைத் திருத்திச் சொன்னதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் மாரியாத்தாள் சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேலுசாமியும் வீட்டில் அப்படித்தான் செய்கிறான்.

முதலில் ஓட்டலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதன்மேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு. 1994 தை மாதம் தென்காசி ரோட்டில் அதைத் திறந்தார்கள். முதலாளி சிங்கப்பூருக்குப் போய் நான்கு நாள் தங்கி வந்தவர். அங்கே காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில், பத்தரை மணி வாக்கில் பெரிய மனிதர்கள் ஒரு சாப்பாடு சாப்பிடுகிறார்கள், அதற்குப் பெயர் பிரஞ்ச் என்று கண்டு வந்து, ‘காமராஜர் மாவட்டத்திலேயே முதன்முறையாக’ என்று போர்டு வைத்தார். தேவதானத்திலும் சோழபுரத்திலும் நாற்று நடுகிறவர்கள் தினமும் அதே பத்தரை மணிக்கு வரப்பில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறக்கிறார்கள். அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. போர்டும் வைக்கவில்லை.

இனி வேலுசாமியின் கஷ்டம். அவனுக்குத் தங்கை ஒருத்தி, பெயர் பரிபூரணம், பால்வாடி டீச்சர், வயது இருபத்தேழு. தாய் தகப்பன் இல்லை, அதனால் கல்யாணப் பொறுப்பு இவன் தலையில். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். சாப்பிட்ட பிறகு வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் ஒரு சொம்பு தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிடுவார்கள். பரிபூரணத்தைப் பார்க்க ஏழு கூட்டம் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருந்தது. அதில் கடைசிக் கூட்டம் இரண்டாவது சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தது.

எட்டாவதாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் இருளப்பசாமி, மின்வாரியத்தில் மீட்டர் கணக்கு எடுக்கிறவன், நல்ல பையன் என்று விசாரித்த இடமெல்லாம் சொன்னார்கள். ஆனால் முடிவு அவன் கையில் இல்லை. அவன் அப்பா ராஜரத்தினம் தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், இதுவரை ஐந்து வீட்டில் தண்ணீர் குடித்திருந்தார். லேசில் கை நனைக்கிற ஆள் இல்லை என்று தரகரே எச்சரித்திருந்தார்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பரிபூரணம் அண்ணனிடம் வந்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. “அண்ணே, இதோட சரி. ஒம்பதாவது தடவ நான் காபித் தட்டத் தூக்க மாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அவள் அழுதிருந்தால் தேவலாம் என்று வேலுசாமிக்கு இருந்தது. அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அவனுக்குத் தெரியும்.

மாரியாத்தாள்தான் வழி கண்டுபிடித்தாள். கேசரியும் பஜ்ஜியும் வைத்தால் ராஜரத்தினம் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார், அது அவருக்குப் பழகிப்போன காரியம். “பேரே தெரியாத பலகாரமா வாங்கியாங்க. அது என்னதுன்னு தெரிஞ்சுக்கிறதுக்காவது ஒரு வாய் வைப்பாகல்ல” என்றாள். ஒரு வாய் போதும். ஒரு வாய் வைத்தாலும் கை நனைத்தது நனைத்ததுதான்.

மறுநாள் புதன்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டுக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் சம்மதம் சொன்னால் சொன்னது, இல்லையென்றால் கிளம்பிவிடுவார்கள். வேலுசாமி மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, நான்கு அடுக்குத் தூக்குச்சட்டியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஒன்பதரைக்கே ஓட்டல் வாசலில் நின்றான்.

தலைப்பாகை கட்டிய வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். சைக்கிளைக் கண்டதும் சல்யூட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சைக்கிள் பின்பக்கம் போனது. தூக்குச்சட்டி ‘வெளிப் பாத்திரம்’ என்று பறிமுதல் ஆனது, அதற்கு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். பார்சல் வாங்க வந்தேன் என்று வேலுசாமி சொன்னதும் உள்ளே ஒரு சலசலப்பு. பிறகு அவனை ஒரு பெரிய குளிரூட்டிய அறைக்குக் கூட்டிப்போய், ஆறு பேர் உட்காரும் மேஜையில் தனியாக உட்கார வைத்தார்கள். ஆறு பேருக்குப் பார்சல் என்றால் ஆறு நாற்காலி ஒதுக்கியாக வேண்டுமாம், அந்தப் பார்சல் முறைப்படி அங்கே உட்கார்ந்து எழுந்ததாக இருக்க வேண்டுமாம். ஐந்து காலி நாற்காலிகளுக்கு முன்னாலும் துணியை மயில்போல மடித்து வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள்.

அரை மணி நேரம் கழித்து, பத்து மணிக்கு, பார்சல் மேனேஜர் வந்தார். சக்ரபாணி என்று பெயர், ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதிக்காரர், மெட்ராசில் கேட்டரிங் படித்தவர். அந்த வெயில் ஊரில் கோட்டு போட்ட ஒரே மனிதர் அவர்தான், அந்த அறையில் அது தேவையாகவும் இருந்தது. வேலுசாமி எழுந்து, வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள், கொஞ்சம் சீக்கிரம் கட்டிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்று கேட்டுக்கொண்டான்.

சக்ரபாணி வருத்தத்தோடு புன்னகை செய்தார். “சார், நாங்க சாப்பாடு விக்கலை. சாப்பாடு எல்லா ஓட்டல்லயும் கிடைக்கும். நாங்க கொடுக்கறது ஒரு சூழ்நிலை. அது போய்ச் சேர்ற இடத்துலயும் ஒரு சூழ்நிலை இருக்கான்னு நாங்க பார்க்கணும் இல்லையா?”

விருந்தாளிகள் பசியோடு வருவார்கள் என்று வேலுசாமி சொல்லிப் பார்த்தான். அது அவன் செய்த பெரிய தப்பு.

“பசியோட வர்றவங்களை நாங்க ஊக்குவிக்கறதே இல்லை” என்றார் சக்ரபாணி. “பசியில சாப்பிட்டா எதுவும் நல்லாத்தான் இருக்கும். அதுல எங்களுக்கு என்ன பெருமை?”

பிறகு படிவம் வந்தது. ‘பார்சல் உறுதிமொழிப் படிவம்’, நான்கு பக்கம். வீட்டுக் கூரை ஓடா, தளமா? சாப்பிடும் இடத்துக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் எவ்வளவு தூரம்? சுவரின் நிறம் என்ன? ஆம்லெட் பரிமாறப்படும் நேரத்தில் அறையில் என்ன இசை ஒலிக்கும்? உண்பவர்கள் இதற்கு முன் பான்கேக் சாப்பிட்டதுண்டா, உண்டெனில் எங்கே, யார் முன்னிலையில்? மாப்பிள்ளை வீட்டார் தரகர் மூலம் கேட்டனுப்பிய கேள்விகள் மொத்தமே பதினாறு. ஒரு ஆம்லெட்டைக் கொடுக்க இவர்கள் முப்பத்தொன்று கேட்டார்கள். வேலுசாமி தனக்குத் தெரிந்த வரைக்கும் எழுதினான். இசை என்ற இடத்தில் எதிர்வீட்டு ரேடியோ என்று எழுதினான். மாட்டுக் கொட்டில் கேள்விக்கு, மாடு இல்லை, பக்கத்து வீட்டு ஆடு எப்போதாவது உள்ளே வரும் என்று உண்மையை எழுதினான்.

ஆட்டைப் படித்ததும் சக்ரபாணியின் முகம் மாறிவிட்டது. இடத்தை நேரில் பார்க்காமல் முடியாது என்று சொல்லி, டை கட்டிய ஒரு சூப்பர்வைசரை ஓட்டல் வேனில் வேலுசாமியின் வீட்டுக்கு அனுப்பினார்.

அங்கே நடந்ததை மாரியாத்தாள் சொன்னபடியே சொல்கிறேன். பத்தே முக்காலுக்கு வாசலில் வேன் வந்து நின்றது. டை கட்டிய ஒருவர் இறங்கி, வீட்டை மேலும் கீழும் பார்த்தபடி உள்ளே வந்தார். மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொந்தக்காரர் முன்னாலேயே வந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். யார்தான் நினைக்க மாட்டார்கள்? நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். எத்தனை அறை, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பரிபூரணம் பட்டுச்சேலை கட்டி, தலை குனிந்து, காபித் தட்டோடு வந்து நின்றாள். அவர் அவளையும் பார்த்து ஏதோ எழுதினார். காபி வேண்டாம், தண்ணீர் போதும் என்று வாங்கிக் குடித்தார். எழுந்து நின்று, “போய்ச் சொல்லி அனுப்பறோம்” என்றார்.

எட்டாவதும் போயிற்று என்று மாரியாத்தாள் நாற்காலியை எடுத்து ஓரத்தில் வைத்தாள். பரிபூரணம் தட்டை வைத்துவிட்டுச் சேலையை மாற்றப் போனாள். அந்த நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த ராஜரத்தினமும் அவர் மனைவி சுடலையம்மாளும் பையனும் வாசலுக்கு வந்துசேரவில்லை என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பரிபூரணம் அதே சேலையோடு அதே தட்டைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அதை அவள் ஒன்பதாவது தடவையாகக் கணக்கு வைக்கவில்லை, அந்த மட்டில் அவள் பெருந்தன்மைக்காரி.

ஓட்டலில் சூப்பர்வைசர் திரும்பி வந்து அறிக்கையை வாசித்தார். சுவரில் காலண்டர் மூன்று, மூன்றிலும் வேறு வேறு மாதம். வெளிச்சம் போதாது. ஆடு நேரில் காணப்பட்டது. உபசரிப்பு தேவைக்கு அதிகம். சக்ரபாணி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இப்படி ஓர் இடத்துக்கு ஆம்லெட்டைக் கொடுக்க மனசு வரவில்லை என்று வேலுசாமியிடம் சொன்னார். ஏழு கூட்டம் தன் தங்கையை வேண்டாம் என்று சொன்னபோது இருந்த அதே வலி என்று வேலுசாமி பிறகு என்னிடம் சொன்னான். ஆம்லெட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதே என்று அவனுக்கு அழுகை வந்தது.

அழாமல், இந்த ஓட்டலில் பார்சல் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான்.

“திறந்து அஞ்சு மாசம் ஆச்சு சார். எங்க பார்சலைப் பத்தி இதுவரைக்கும் ஒரு புகார் கிடையாது” என்றார் சக்ரபாணி பெருமையாக. “ஏன்னா, ஒரு பார்சலும் இன்னும் வெளியே போகலை.”

ஆனாலும் ஒரு வழி இருக்கிறது என்றார். பதினான்காவது விதி. உண்பவர்களே நேரில் வந்து, ஒவ்வொன்றையும் ருசித்து, திருப்தி என்று கையொப்பம் போட்டால் பொறுப்பு அவர்களைச் சேரும், ஓட்டலுக்கு மனசாட்சி உறுத்தாது.

வேலுசாமி வரவேற்பறைப் போனுக்கு ஓடி, தெருமுனை அரிசிக்கடை நம்பருக்குப் போட்டு மாரியாத்தாளைக் கூப்பிடச் சொன்னான். மணி பதினொன்று பத்து. அவள் மூச்சு வாங்க வந்து போனை எடுத்தாள்.

“ஏங்க, எங்க போயி நிக்கிய? அவிய தண்ணி கேட்டுட்டாக.”

வேலுசாமி வயிற்றெரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டினான். நாலு பக்கப் படிவம், முப்பத்தொரு கேள்வி, சாப்பிடுகிறவர்கள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம், இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல என்று புலம்பினான். படிவம், கையெழுத்து என்றதை மட்டும் மாரியாத்தாள் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, “போனை வைங்க” என்றாள்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது ராஜரத்தினம் சொம்பை வாய்வரைக்கும் கொண்டுபோயிருந்தார். மாரியாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். “அண்ணாச்சி, அங்கன ஓட்டல்ல ஒரு படிவம் இருக்காம். வெவரம் தெரிஞ்ச ஆள் பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் ஆச்சுங்காக. எங்க வீட்டு ஆளுக்கு ஒண்ணும் புரியல. நீங்க வந்து பாக்கணும்.”

ராஜரத்தினம் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. மூன்று வருஷமாக யாரும் அவரிடம் ஒரு தாளை நீட்டவில்லை. பேரன் பேத்தி இல்லாததால் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகூட இல்லை. சொம்பைக் கீழே வைத்தார்.

“எத்தன பக்கம்?” என்று கேட்டார்.

பதினொன்றரைக்கு இரண்டு ஆட்டோ வந்து நின்றது. ராஜரத்தினம் இறங்கிய தோரணையைப் பார்த்து வாட்ச்மேன் இரண்டு சல்யூட் அடித்தார். ஆறு பேர் மேஜையில் கடைசியில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். ராஜரத்தினம் கண்ணாடியை மாட்டி, படிவத்தை முதல் எழுத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். அதைப் படித்துப் பார்த்த முதல் மனிதர் அவர்தான் என்று நினைக்கிறேன், அச்சடித்தவர்கள் உட்பட. மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்து, ஒன்பதாம் கட்டத்துக்கும் பதினொன்றாம் கட்டத்துக்கும் நடுவில் பத்தைக் காணோமே என்றார். சக்ரபாணிக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. விண்ணப்பதாரர் என்று முதல் பக்கத்திலும் மனுதாரர் என்று நான்காம் பக்கத்திலும் இருக்கிறதே, இருவரும் ஒருவர்தானா என்று அடுத்துக் கேட்டார். எத்தனை படி எடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுதான் என்றதும் பேனாவை மூடிவிட்டார். மூன்று படி இல்லாமல் அவர் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஓட்டல் கணக்கு அறையிலிருந்து கார்பன் தாள் வந்தது.

பிறகு ருசி பார்க்கும் சடங்கு. வெள்ளி மூடி போட்ட தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. சும்மா கையெழுத்துப் போட்டால் போதும், ருசிக்கிறது அவரவர் விருப்பம் என்று சக்ரபாணி இறங்கி வந்தார், அவருக்கு எப்படியாவது முடிந்தால் போதும் என்று ஆகிவிட்டது. ராஜரத்தினம் விடவில்லை.

“ருசிக்காம ருசிச்சேன்னு எழுதுனா அது பொய்ச் சான்று தம்பி. இருபத்தெட்டு வருஷ சர்வீசுல நான் ஒரு பொய்ச் சான்று குடுத்ததில்ல.”

பான்கேக்கை ருசித்தார். கல்லில் முதலில் ஊற்றி வீணாய்ப்போன தோசை, மேலே பாகு, என்று குறிப்பு எழுதினார். காளான் ஆம்லெட்டை ருசித்தார், சந்தேகம் தீரவில்லை என்று இரண்டாம் தடவையும் ருசித்தார். முட்டையில் முக்கிப் பொரித்த ரொட்டியை முழுசாக ருசித்தார். ஐந்து வரி நீளப் பெயரோடு வந்த கடைசித் தட்டின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, குறிப்பில் “இட்லி. பாதி” என்று எழுதினார்.

இதற்கிடையில் இருளப்பசாமிக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. எட்டு ஊர் வெயிலில் மீட்டர் பார்க்கிற உடம்பு. யாரும் பார்க்காத நேரம் என்று நினைத்து, மேஜையிலிருந்த துணி மயிலைப் பிரித்துக் காதோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டான். பரிபூரணம் பார்த்துவிட்டாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தன் முன்னாலிருந்த மயிலையும் எடுத்து அவன் பக்கம் தள்ளி, “கழுத்துக்கு” என்றாள். அவனும் சிரித்துவிட்டான். பெண் பார்க்கிற நாளில் அவள் சிரித்து வேலுசாமி பார்த்ததே இல்லை. கடவுளே, இது மட்டும் நடந்துவிடட்டும் என்று அவன் மேஜைக்கடியில் கும்பிட்டான்.

மணி பதினொன்று ஐம்பது. வேலுசாமி புரியாமல் காலியாக விட்டிருந்த முப்பதாவது கட்டத்துக்கு ராஜரத்தினம் வந்து நின்றார். ‘உண்பவருக்காகச் செலவை ஏற்பவர், உண்பவருக்கு என்ன உறவு?’

பேனா நகரவில்லை. எல்லோரும் அந்தக் கட்டத்தையே பார்த்தார்கள். சுடலையம்மாள் காலித் தட்டுகளை ஒரு பார்வை பார்த்தாள். “என்னங்க, பொண்ணு வீட்டுச் செலவுல கை நனைச்சிட்டீகளே” என்றாள் மெதுவாக.

ராஜரத்தினத்தின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. அது சாப்பாடு இல்லை, அலுவல் முறையில் ருசி பார்த்தது என்றார். அப்படியானால் உறவு ஒன்றும் இல்லை என்று எழுதிவிடலாமே என்று யாரும் சொல்வதற்கு முன் சக்ரபாணி குறுக்கே வந்தார். பாவம், அவர் விதியைத்தான் சொன்னார்.

“உறவில்லாதவங்க ருசி பார்க்க விதியில இடமில்லை சார். அப்படின்னா நீங்க சாப்பிட்டது முறைகேடு ஆயிடும்.”

முறைகேடு என்ற சொல்லைக் கேட்டதும் ராஜரத்தினம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டத்தைக் காலியாக விடவும் அவரால் முடியாது, அது அவர் ரத்தத்தில் இல்லை. மகன் பக்கம் திரும்பினார். “ஏலே, இதுல என்ன எழுத?”

தலையில் ஒரு மயிலும் கழுத்தில் ஒரு மயிலுமாக இருளப்பசாமி அப்பாவைப் பார்த்தான். “உள்ளதை எழுதுங்கப்பா” என்றான்.

ராஜரத்தினம் பேனாவைத் திறந்தார். குளிரில் அது எழுத மறுத்தது. உதறினார், ஊதினார், கோடு விழவில்லை. சுவர்க் கடிகாரம் ஐம்பத்தைந்தைத் தாண்டியது. பரிபூரணம் கைப்பையைத் திறந்து, பால்வாடி வருகைப் பதிவேட்டுக்கு வைத்திருக்கும் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். பெரியவர் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு அழுத்தி, அழகான கையெழுத்தில், ‘மருமகளின் அண்ணன்’ என்று எழுதினார். பக்கத்தில் தேதியும் நேரமும் போட்டார், பதினொன்று ஐம்பத்தேழு.

பார்சல் கட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று சக்ரபாணி வணங்கிச் சொன்னார். வேலுசாமிக்குக் கண்ணில் நீர் வழிந்தது, ஏசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டான். ஆனாலும் ஏழு தடவை அடிபட்டவன், பயம் அவனை விடவில்லை. ஊருக்குப் போன பிறகு மனசு மாறிவிட மாட்டார்களே என்று தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டான்.

ராஜரத்தினம் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார், அவ்வளவு மோசமான கேள்வியைத் தன் சர்வீசில் கேட்டதில்லை என்பதுபோல.

“மாறுறதா?” என்றார், கார்பன் தாளை உருவியபடி. “மூணு படியிலயும் ஏறியிருக்கு தம்பி.”